'அபராஜிதோ'வில் கடனும் விழைவும்

கடன் என்னும் சொல் தமிழிலே இரு பொருள் பயப்பது. ஒருவன் செய்தற்குரிய கடமையையும் அது குறிக்கும். அவன் பிறரிடம் பெற்றுத் திருப்பிக் கொடுத்தற்குரிய பொருளையும் அது குறிக்கும். பெற்றோர் பிள்ளைகள் உறவை நோக்குமிடத்து இவ்விரு பொருளும் ஒரு சொல்லின்கண் அடங்கியமை மிகப் பொருத்தமே. தாய் தன் கடமையெனக் கருதிக் கணக்கின்றிக் கொடுப்பது மகன் தலையிற் கடனாய் ஏறுகின்றது. கொடுத்தவள் கணக்கு வைத்திலள்; ஆதலின் எவ்வளவு கொடுத்தால் அக்கடன் தீரும் என்பதைப் பெற்றவன் ஒருபோதும் அறியமாட்டான்.

குடும்பக் கடமைக்கும் தன் விழைவுக்கும் இடையே அகப்பட்டு வளரும் இளைஞனைப் பொருளாகக் கொண்ட கதைகளும் நாடகங்களும் பல உள. அவற்றுட் பெரும்பாலன இறுதியில் ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பு வழங்கிவிடுகின்றன. ஒன்றில், மகன் மனந்திருந்தி வீடு திரும்புகின்றான். அன்றேல், தளையறுத்து வெற்றி வீரனாய் வெளியேறுகின்றான். இவ்விரு முடிவையும் மறுத்து, வழக்கின் முழுப் பாரத்தையும் நம்முன் வைத்த ஆக்கம் சத்தியஜித் ராயின் 'அபராஜிதோ' என்னும் வங்காளத் திரைப்படமாகும்.

1956இல் வெளியான இப்படம், 'பாதேர் பாஞ்சாலி' (1955), 'அபுர் சன்சார்' (1959) என்னும் இரண்டுக்கும் நடுவே நிற்பது. விபூதிபூஷண் பந்தோபாத்தியாயர் 1929இலும் 1932இலும் நூலாக வெளியிட்ட இரு நாவல்களில், முன்னதன் இறுதிப் பகுதியும் பின்னதன் முதற் பகுதியும் இதற்கு மூலமாயின. 'அபராஜிதோ' என்பதன் பொருள் வெல்லப்படாதவன் என்பது. எனினும், படத்தைக் காண்போர்க்கு யார் யாரை வென்றார் என்னும் வினா எளிதில் விடையிறுக்கத்தக்கதன்று.

காசி மாநகரிற் கதை தொடங்குகின்றது. ஆற்றின் படித்துறையிற் புராணம் படித்துப் பிழைக்கும் அந்தணனாகிய ஹரிஹரன் நோயுற்று இறக்கின்றான். மனைவி சர்வஜயா ஒரு செல்வர் மனையிற் சமையல் வேலைக்கு அமர்கின்றாள். சிறுவன் அபு அங்கே எசமானனுக்கு ஏவல் செய்வதை அவள் ஒருநாள் காண்கின்றாள். அவள் வாய்திறந்து ஒன்றும் கூறவில்லை. ஆயின், மகனை ஏவலாளாக வளரவிடலாகாது என்னும் உறுதி அவள் முகத்திலே பிறக்கின்றது. முதிய உறவினராகிய பவதாரணருடன் மன்சபோதா என்னும் சிற்றூருக்கு அவள் மகனை அழைத்துச் செல்வது அதன் பயனே. இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். மகனை உயர்த்தும் பயணத்தைத் தொடக்கி வைத்தவள் தாயே; அப்பயணம் அவளையும் கடந்து செல்லுமென்பதை அவள் அப்பொழுது அறிந்திலள்.

சிற்றூரில் அபுவுக்குக் குலத்தொழிலாகிய பூசை பயிற்றப்படுகின்றது. அவனோ பாடசாலைக்குச் செல்லும் சிறுவரைக் கண்டு ஏங்குகின்றான். காலையிற் பூசை, பின்னர்ப் படிப்பு என்று தாயும் மகனும் உடன்பாடு செய்துகொள்கின்றனர். கடமையும் விழைவும் சிலகாலம் ஒரே நாளிற் பக்கம் பக்கமாக நடைபெறுகின்றன. தலைமையாசிரியர் தந்த நூல்களால் ஆபிரிக்காவும் விண்கோள்களும் அவன் உள்ளத்துக்குள் வந்து குடியேறுகின்றன. அவ்வுள்ளம் அச்சிற்றூரில் அடங்கியிருக்குமா? புலமைப் பரிசில் பெற்றுக் கல்கத்தாவுக்குப் போவேன் என அவன் கூறியவழி, தாய் சினந்து அவனை அறைகின்றாள். சிறிது நேரத்தில் மனங்கசிந்து இசைகின்றாள். சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த பணத்தையும் எடுத்துக் கொடுக்கின்றாள். மகனைத் தடுத்த கையும் அனுப்பிய கையும் ஒன்றே. பூகோள உருண்டையை ஏந்திக்கொண்டு அவன் நகருக்குப் போகின்றான்.

கல்கத்தாவில் இரவில் அச்சுக்கூடத்தில் உழைத்துப் பகலிற் கற்கும் அபு, வகுப்பிலே உறங்கிவிடுமளவுக்குக் களைத்திருக்கின்றான். அவன் வாழ்க்கை இன்பக்கேளிக்கையன்று. இது மறக்கப்படின் அவன்மீது கூறும் குற்றம் நேர்மையற்றதாகும்.

விடுமுறைக்கு வந்த மகனோடு தாய் இரவிற் பேசும் காட்சி படத்தின் உயிர்நிலை எனலாம். நீ உழைக்கத் தொடங்கியதும் என்னை உன்னுடன் வைத்துக்கொள்வாயா, நான் நோயுற்றால் உன் பொருளைக் கொண்டு மருத்துவம் செய்விப்பாயா என்னும் கருத்துப்பட அவள் வினவுகின்றாள். விடை வரவில்லை. திரும்பிப் பார்க்கின்றாள், மகன் உறங்கிவிட்டான். வாழ்நாளில் ஒருமுறையே தாய் தன் கணக்கைத் திறந்து காட்டினாள். அந்நேரம் கடன்பட்டவன் துயில்கின்றான். இதனை நன்றியின்மை என்பதா? நாள் முழுதும் அலைந்த இளைஞனின் இயற்கை என்பதா? ராய் இரண்டையும் கூறாது விடுகின்றார். சர்வஜயாவாக நடித்த கருணா பானர்ஜியின் முகமும் மகனைப் பழிக்கவில்லை.

விடியுமுன் எழுப்புமாறு மகன் கேட்டிருந்தும் தாய் எழுப்பத் தயங்குகின்றாள். அவன் கடிந்து புறப்படுகின்றான். நிலையத்திற் புகையிரதம் வந்து நிற்கின்றது; அவனோ அதனைப் போகவிட்டு வீடு திரும்பி, வண்டி தவறிவிட்டது என்கின்றான். அன்பினாற் கூறிய பொய் அது. கொடுத்தது ஒரு நாள் மட்டுமே. பின்னொரு விடுமுறையிற் பரீட்சையைக் காரணங்காட்டி வாராது நின்றுவிடுகின்றான். நோயின் கொடுமையைத் தாய் மகனுக்கு அறிவிக்க விரும்பவில்லை. மாலைதோறும் தொலைவிற் செல்லும் புகையிரதத்தின் ஓசைக்குச் செவிகொடுத்து மரத்தடியில் அமர்ந்திருக்கும் அவளுக்கு, இறுதியில் இருளிற் பறக்கும் மின்மினிகளே காட்சியாயின. மகன் வந்தபொழுது வீடு வெறிதாய்க் கிடந்தது.

இப்படம் வெளிவந்த காலத்தில் வங்காளத்தில் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. தாய்க்கும் மகனுக்குமிடையே காட்டப்பட்ட விலகலை அவையோர் ஏற்கவில்லை என்பது ராயின் கருத்து. 1957இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கப் பரிசு இதற்குக் கிடைத்தது. அவையோரின் வெறுப்பும் ஒருவகையிற் படத்தின் உண்மைக்குச் சான்றே. நாவலாசிரியர் இதனினும் கடுமையானவர். தாயின் மறைவைக் கேட்டபொழுது அபுவின் உள்ளத்தில் முதலில் எழுந்தது ஒருவகை விடுதலையுணர்ச்சி என அவர் எழுதியுள்ளார். நெறியாளர் அவ்வுணர்ச்சியை வெளிப்படையாகக் காட்டாது, உறங்கிய இரவிலும் வாராத விடுமுறையிலும் முன்கூட்டியே பரப்பி வைத்தமை அவர்தம் திறனுக்கு எடுத்துக்காட்டாகும்.

குறையொன்றும் கூறுதற்குண்டு. நாவலில் வரும் லீலா என்னும் பெண் படத்தில் இடம்பெறவில்லை. அதனால் அபுவைத் தாயிடமிருந்து பிரிப்பது கல்வி ஒன்றே எனப் போராட்டம் கூர்மையடைகின்றது. ஆயின், கல்கத்தா அவனுக்கு யாது கொடுத்தது என்பது மங்கித் தோன்றுகின்றது. சிற்றூர் ஒரு முகமாய் நம் நெஞ்சில் நிற்க, நகரம் தெருக்களாகவே எஞ்சுகின்றது. துலாக்கோலின் ஒரு தட்டில் தாய் இருக்க, மறுதட்டிற் சற்றே கனமான பொருள் வைத்திருக்கலாம்.

இறுதிக் காட்சிக்கு இக்குறை இழுக்காவதில்லை. அழுதோய்ந்த மகனைப் பவதாரணர் ஊரிலே தங்கிப் பூசைத்தொழிலை ஏற்குமாறு கூறுகின்றார். அவன் மூட்டையுடன் புறப்படுகின்றான். பரீட்சை இருக்கின்றது என்றும், தாய்க்குரிய கிரியைகளைக் கல்கத்தாவிற் காளிகட்டத்திலே செய்வேன் என்றும் விடைபகர்கின்றான். குலத்தொழிலை அவன் நீக்கினான். நீத்தார் கடனை நீக்கினானல்லன். குடும்பம் கேட்கும் அனைத்தையும் கடமை என்னும் ஒரே பெயராற் கட்டிவிடுவது நம்மவர் வழக்கம். தந்தை செய்த தொழிலை மகனும் செய்தல் ஒன்று. தாயை மறவாதிருத்தல் வேறொன்று. இவ்வேறுபாட்டை அபு கண்டுகொண்ட அந்நொடியிலேயே சிறுவன் ஆடவனாகின்றான்.

ஆயின், அந்த அறிவு தாய் உயிரோடிருந்த காலத்தில் அவனுக்கு வாய்த்திலது. கிரியையாற் கடமை தீரும், கடன் தீராது. தீராத கடனைத் தலையிற் சுமந்துகொண்டே முன்செல்லும் அவனை வென்றவன் எனக் கூறாது, வெல்லப்படாதவன் என்று மட்டும் பெயரிட்டமை இவ்வாக்கத்தின் நேர்மைக்குத் தக்க சான்றாகும்.