உழைப்பாளர் சிலையும் ராய் சௌத்ரியும்

சென்னைக் கடற்கரையில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையைச் சென்ற பயணத்தில் கண்ணுற்றோம். நால்வர் பெரும்பாறையொன்றைப் பெயர்க்க முயல்கின்றனர். முதுகின் நெளிவிலும் காலின் ஊன்றலிலும் பாறையின் பளு காண்பவர் உடம்பிலேயே உறைக்கிறது. தோட்டக் கிராணியாகிய நாம் செக்குரோலில் அன்றாடம் பெயரும் எண்ணும் பதிகிறோம். அவ்வேட்டில் இம்முதுகு ஒருநாளும் ஏறியதில்லையே என்று நாணினோம்.

இதனைச் சமைத்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1899-இல் வங்காளத்து ரங்கப்பூரில் பிறந்து, அபனீந்திரநாத தாகூரிடம் சித்திரம் பயின்றவர். 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமையேற்றார். வெள்ளையரே வகித்து வந்த அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. மென்னீர் வண்ணத்தில் பழகிய கை, வெண்கலத்தில் தசைநாரை முறுக்கியது விந்தையன்றோ! 1975-இல் மறைந்தார்.

ஆங்கிலத்தில் இச்சிலைக்கு ‘உழைப்பின் வெற்றி’ என்று பெயர். பாறையோ இன்னும் பெயரவில்லை! அதனைக் குறையென்பார் உளர். நாமோ அதுவே சிற்பியின் நேர்மையென்போம். நமக்குள்ள குறை வேறு. அந்நால்வரும் ஆடவரே. லூபோக் சீனாப் பக்கத்து ரப்பர் நிரைகளில், விடியுமுன் பிள்ளையைக் கொட்டகையில் விட்டுப் பால்வாளி சுமந்த பெண்கள் எத்தனை பேர்! ஐந்தாவதாக ஒருத்தியையும் அங்கே தோள்கொடுக்க நிறுத்தியிருக்கலாம்; பாறை பெரியதுதானே.