பெயர்ப்பலகையைப் பிடித்து நட

கோட்டைப்பட்டினத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஒரு வயதில் கேட்கும் கேள்வி, "கோட்டை எங்கே இருக்கு?" கேட்டால் ஒரு பெரியவர் கடல் பக்கம் கையைக் காட்டுவார். இன்னொருவர் ராவுத்தர் அப்பா தர்கா இருக்கும் பக்கம் காட்டுவார். மூன்றாமவர் "போயி படிக்கிற வேலையப் பாருடா" என்பார். இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு வளர்ந்தவனுக்குச் சென்னையின் பழைய பட்டணம் மாதிரிப் பொருத்தமான இடம் வேறு கிடையாது. அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு பெயர்ப்பலகை. பலகையில் உள்ள பொருள்தான் இருக்காது. வால்டாக்ஸ் ரோட்டில் வாலும் இல்லை, டாக்ஸும் இல்லை. பவழக்காரத் தெருவில் பவழம் இல்லை. சைனா பஜாரில் சீனாக்காரர் இல்லை. போன பொருளைப் பெயரை வைத்துத் தேடிப் பிடிப்பதுதான் இந்த ஊரை ரசிக்கும் வழி என்பது என் கட்சி.

எங்கள் கரையோர ஊர்க்காரர்களுக்குச் சென்னை என்றால் மண்ணடி. ஆம்னி பஸ் எல்லாம் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும் இந்தக் காலத்திலும், பையைத் தூக்கிக்கொண்டு மண்ணடிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஊர் வந்த மாதிரி இருக்கும். என் மாமா அங்கே முப்பது வருடம் கடை வைத்திருந்தவர். வயதாகி ஊரோடு போய்விட்டார். போன வருடம் கண் பரிசோதனைக்காக வந்தவர், ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தார். பழைய பட்டணத்தைச் சுற்றிக்காட்ட ஒரு கைடை ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று சொன்னேன்.

"நான் முப்பது வருசம் பொழங்குன எடத்தைக் காட்ட, காசு கொடுத்து ஆளா? ஒனக்குப் பணம் கூடிப்போச்சு மாப்ள."

மாமா கேட்டதில் நியாயம் இருக்கிறது. காசு கொடுக்காமலும் நடக்கலாம். ஆகஸ்ட் 22 சென்னை நாள், 2004இலிருந்து கொண்டாடுகிறார்கள். 1639இல் அந்தத் தேதியில்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த மணல்மேடு கைமாறியது என்பது கணக்கு. அந்த வாரம் முழுக்க ஊரெங்கும் நடைகள் நடக்கும், நிறைய இலவசமாகவே. போய்ப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது பேர் சேர்ந்து ஒரு சந்துக்குள் நுழைந்தால் முன்னால் நிற்கும் பத்துப் பேருக்குத்தான் காது கேட்கும். மற்றவர்கள் முன்னால் நிற்பவரின் முதுகைப் படம் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். தனியாகக் கைடு வைத்துக்கொண்டால், ஒரு கல்லின் முன் அரை மணி நேரம் நின்றாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் காசு கொடுப்பது அந்த அரை மணிக்கு.

கைடைத் தேர்ந்தெடுப்பதில் நான் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். அந்த ஆள் மூன்று மணி நேரத்தில் மூன்று சுரங்கப்பாதை காட்டினார். கோட்டையிலிருந்து ஒன்று, கோயிலிலிருந்து ஒன்று, எதற்கென்றே தெரியாமல் ஒன்று. தமிழ்நாட்டில் சுரங்கப்பாதை இல்லாத பழைய கட்டடமே கிடையாது போலும். அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட பரீட்சை, முன்பதிவு செய்யும்போது போனிலேயே ஒரு சின்னக் கேள்வி கேட்பது. "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று பதில் வந்தால் அந்த ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் உடனே பதில் வைத்திருப்பவரை விட்டுவிடுங்கள். இந்த முறை கிடைத்தது வரலாறு படித்த ஓர் இளம்பெண். சந்துகள் மனப்பாடம்; தோள்பையில் பழைய வரைபடத்தின் நகல் ஒன்று.

ஞாயிறு காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. வார நாளில் ஜார்ஜ் டவுன் என்கிற இந்தப் பழைய பட்டணத்தில் மூட்டையும் தள்ளுவண்டியும் உங்கள் கண்ணைத் தரையிலேயே கட்டிப்போடும். கடைகள் அடைத்திருக்கும்போதுதான் தலை தானாக மேலே நிமிரும். இங்கே வரலாறு குடியிருப்பதே முதல் மாடியில். கீழே பிளாஸ்டிக் போர்டும் இரும்பு ஷட்டரும். மேலே மரத்தூண், வளைந்த ஜன்னல், சுண்ணாம்பில் புடைத்து எழுதிய வருடம். சைனா பஜாரில் அப்படி நிமிர்ந்துதான் மாமா பச்சையப்பன் மண்டபத்தைப் பார்த்தார். ஏதென்ஸ் நகரத்துக் கோயில் ஒன்றைப் பார்த்துக் கட்டி, 1850இல் திறந்த மண்டபம். "கீழே நின்னு ஆயிரம் தடவை விலை பேசியிருக்கேன். மேலே தூண் இருக்கிறது இன்னைக்குத்தான் தெரியுது."

நடையைப் பாரிமுனையில் ஆரம்பிப்பது நல்லது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் உண்டு. இவர் தாமஸ் பாரி, வேல்ஸ் நாட்டிலிருந்து 1788இல் இங்கே வந்த வியாபாரி. அவருடைய கம்பெனியின் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. மேலே போகப்போகக் கூம்பும் தூண். தேடித்தான் பார்க்க வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் யாரும் அதைப் பார்த்து நான் கண்டதில்லை. 1773இல் இப்படிப் பதின்மூன்று தூண்களை நட்டார்கள். மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

நம்முடைய கைடு தூணைப் பற்றி உடனே எதுவும் சொல்லவில்லை. மாமாவை எதிரே திரும்பச் சொன்னார். உயர்நீதிமன்ற வளாகம், மரங்கள். "இவ்வளவு நெருக்கமான ஊர்ல, இங்க மட்டும் எப்படி இவ்வளவு எடம் காலியா கெடைச்சுது?" என்று கேட்டார். நடை முழுவதும் கைடிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இதே கேள்விதான்: இதுக்கு முன்னாடி இங்கே என்ன இருந்தது?

இருந்தது ஓர் ஊர். வெள்ளைக்காரன் கறுப்பர் பட்டணம் என்று பெயர் வைத்த முதல் ஊர், கோட்டையை ஒட்டி இங்கேதான் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749இல் திரும்பக் கொடுத்தார்கள். திரும்ப வாங்கிய ஆங்கிலேயருக்கு ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. எதிரி வந்தால் வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான், பீரங்கிக்குக் குறி கிடைக்காது. எனவே வீடு, கடை, தெரு எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள். பட்டணத்தின் பெரிய கோயிலும் தப்பவில்லை. இனி இந்தப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாது என்று எல்லை போட்ட கல்தான் டேர் ஹவுஸ் ஓரத்தில் நிற்பது. இடிபட்ட கோயிலுக்கு வேறு இடம் கொடுத்தார்கள். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முயற்சியில், பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலித் தெருவில் சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீஸ்வரருக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோயில் எழும்பியது. அங்கே போய் நிற்கும்போது, உயர்நீதிமன்றத்துப் புல்வெளியிலிருந்து பெயர்ந்து வந்த சாமிகள் என்ற நினைப்போடு நின்று பாருங்கள். இரண்டு சந்நிதிகள் இன்னொரு மாதிரித் தெரியும்.

உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் பாதுகாப்பு பலம். நினைத்தபோது நுழைய முடியாது. வருடத்தில் ஒரு நாள் எல்லாக் கதவையும் சாத்திவிடும் வழக்கமும் உண்டு. வளாகத்தின் வழியாகப் போய்வந்து பழகியவர்கள் நாளைக்கு வழிப்பாதை உரிமை கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவாம். கடலுக்கு வாழ்க்கைப்பட்ட ஊர்க்காரர்கள் இங்கே வெளியிலிருந்தாவது பார்க்க வேண்டியது கலங்கரை விளக்கங்களை. சென்னையின் முதல் விளக்கு 1796இல் கோட்டைக்குள், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் எரிந்தது, தேங்காய் எண்ணெயில். அடுத்தது 1844இல் ஏற்றிய தனிக் கல்தூண். உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறது. 1892இல் நீதிமன்றக் கட்டடம் எழும்பியதும் தூணைவிட அதன் கோபுரம் உயரமாகிவிட்டது. 1894இல் விளக்கு அதன் உச்சிக்குக் குடிபோனது. 1977இல் மெரினாவுக்கு. கீழே வழக்கு நடக்க, மேலே கப்பலுக்கு வழி காட்டிய கட்டடம் என்று கைடு சொன்னதும் மாமா, "கீழேயும் எவனுக்காவது வழி தெரிஞ்சுதா?" என்றார். நாட்பட்ட வாடகை வழக்கு ஒன்று அவருக்கு இருந்தது.

அதே வளாகத்துச் சுவரில் 1914 செப்டம்பர் 22இன் நினைவாக ஒரு பலகை உண்டு. அன்று இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் கடலில் நின்றுகொண்டு சென்னைமீது குண்டுபோட்டது; துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. கப்பல் அதே வருடம் நவம்பரில் ஒழிந்தது. ஆனால் "அவன் சரியான எம்டன்டா" என்று நாம் இன்றைக்கும் சொல்கிறோம். குண்டு விழுந்த இடத்தைவிட இந்தச் சொல்தான் எனக்குப் பெரிய நினைவுச்சின்னம்.

அரண்மனைக்காரத் தெரு என்று பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அரண்மனை எதுவும் இல்லை. அர்மீனியன் என்ற சொல் நம் வாயில் பட்ட பாடு அது. அர்மீனியன் தெருவில் 1772இல் கட்டிய அர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. திறக்கும் நேரத்தைக் கைடிடம் முதல் நாளே விசாரித்துவைத்துக்கொள்ளுங்கள். அவசரப்படக் கூடாத இடம் இது. உள்ளே நுழைந்தால் தரையெல்லாம் கல்லறைப் பலகைகள். வளைந்து நெளிந்த அர்மீனிய எழுத்து. ஓர் எழுத்தும் நமக்குப் புரியாது. புரியாமலே குனிந்து பாருங்கள். சில கற்களில் எழுத்து பாதி தேய்ந்திருக்கும். மணிக்கூண்டில் ஆறு மணிகள். அவற்றில் லண்டன் பட்டறைக்காரர் பெயரும் 1837 என்ற வருடமும் பொறித்தவை உண்டு. பிக் பென் மணியை வார்த்ததும் அதே பட்டறைதான். ஹருத்தியூன் ஷமாவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறையைக் காட்டச் சொல்லுங்கள். ஈரானின் ஷிராஸிலிருந்து வந்தவர். உலகத்தின் முதல் அர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது அர்மீனியாவில் இல்லை, இந்தச் சென்னையில், இவர் அச்சகத்திலிருந்து. சுமார் ஒன்றரை வருடம் ஓடியது. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் நான் அங்கே கொஞ்சம் கூடுதலாகவே நின்றேன். அர்மீனியர் பெயரில் தெரு இருக்கிறது. சென்னையில் அர்மீனியர் அநேகமாக இல்லை.

தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாளைத் தரிசித்துவிட்டு மேலே போகலாம். 1677இல் சிவாஜி வந்து போன கோயில் என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள். வால்டாக்ஸ் கதையை நடந்துகொண்டே கேட்டால் போதும். ஹைதர் அலி வாசல்வரை வந்துபோன பிறகு ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள், செலவை மக்கள் தலையில் வரியாகக் கட்டப் பார்த்தார்கள். வரி வசூலானதே இல்லை என்பார்கள், பெயர் மட்டும் தெருவில் நின்றுவிட்டது. மதிலின் ஒரு துண்டைப் பார்க்க ஆசையிருந்தால் பழைய ஜெயில் ரோட்டு மாடிப் பூங்காவுக்குப் போக வேண்டும். தூரம். நாங்கள் போகவில்லை.

கடைசியாக மண்ணடி. மூர் தெரு முனையில் கைடு நின்றார். மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எந்த மாடியில் எந்த ஊர்க்காரர் தங்கியிருந்தார், எங்கே டீ நன்றாக இருக்கும், எந்தப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி எந்தப் பதத்தில் இருக்கும் என்று அவரே கைடாகிவிட்டார். கைடு பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். இதற்காகத்தான் சொல்கிறேன், தனி நடைக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரை விடாமல் அழைத்துப் போங்கள்.

"மூர்னா யாருன்னு தெரியுமா ஐயா?"

"தெரியாமயா? வெள்ளைக்காரன். மூர் மார்க்கெட் கட்டுன மூர்."

மூர் மார்க்கெட்டுக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் மூர் மாநகராட்சித் தலைவராக இருந்தவர். அடிக்கல் 1898இல். மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. அந்த மூருக்கும் இந்தத் தெருவுக்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பியர்கள் வட ஆப்பிரிக்க முஸ்லிம்களை மூர் என்றார்கள். கடல் தாண்டி வந்தபோது இங்கே பார்த்த முஸ்லிம் வியாபாரிகளையும் அதே பெயரால் அழைத்தார்கள். இலங்கையில் இன்றைக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தச் சொல் இருக்கிறது. தமிழில் சோனகர். எங்கள் கரைக்கு எதிர்க்கரையான யாழ்ப்பாணத்திலும் ஒரு மூர் தெரு உண்டு, சோனகத் தெரு என்பார்கள். 1990 அக்டோபரில் அங்கிருந்த முஸ்லிம்களைப் புலிகள் ஊரைவிட்டே வெளியேற்றியபோதும் தெருவின் பெயர் போகவில்லை.

"அப்போ மூர்னா..."

"நீங்கதான் ஐயா."

மாமா பலகையை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடம் அதன் கீழே போய்வந்த மனிதர். எதுவும் சொல்லவில்லை. பக்கத்து டீக்கடையில் மூன்று டீ சொன்னார். கைடுக்குச் சர்க்கரை கம்மியா என்று கேட்டுக்கொண்டார். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸைச் சாயங்காலம் கடற்கரைப் பக்கம் சாப்பிடலாம் என்று கைடு சொன்னதைக்கூட அவர் காதில் வாங்கவில்லை.

பேசிய தொகையை நான் எடுக்கும் முன் மாமா சட்டைப்பைக்குள் கை விட்டார். எண்ணிக் கொடுத்தார். ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கவில்லை. மண்ணடியில் வைத்து மாமா பேரம் பேசாமல் காசு கொடுத்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.