மெய்நிகர்க் கடையும் மெய்யான கடையும்: சிறைவாசிகளுக்கான வாழ்வியல் திறன் பயிற்சி குறித்து ஒரு திறனாய்வு

கற்பித்தலில் மெய்நிகர்த் தொழில்நுட்பத்தின் பயன் குறித்துக் கடந்த சில ஆண்டுகளாக நம் கருத்தரங்குகளில் நிறையவே பேசப்பட்டு வருகின்றது. அப்பேச்சின் பெரும்பகுதி கருவியைப் பற்றியதாகவே அமைந்துவிடுகின்றது. கருவியின்வழிக் காட்டப்படும் காட்சியை எழுதியவர் யார், அதில் எது சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது என்னும் வினாக்களை ஒரு நாவலையோ நாடகத்தையோ அணுகும்போது நாம் இயல்பாகவே எழுப்புவோம். மெய்நிகர்க் காட்சியின் முன் மட்டும் அவை எழுவதில்லை. அவ்வினாக்களை ஒரு குறிப்பிட்ட பயன்பாட்டை முன்வைத்து எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அமெரிக்கச் சிறைகளில் நெடுங்காலம் அடைபட்டிருந்தோர்க்கு, விடுதலைக்கு முன் வாழ்வியல் திறன்களைக் கற்பிக்க மெய்நிகர்க் காட்சிகளைப் பயன்படுத்தும் முயற்சியே அப்பயன்பாடு. தமிழாசிரியர்க்கும் இதற்கும் என்ன தொடர்பு என வினவுவோர் உளர். ‘சந்தையில்’, ‘அஞ்சலகத்தில்’, ‘மருத்துவமனையில்’ என்னும் தலைப்புகளில் சூழல் உரையாடல்களை எழுதியும் நடித்துக் காட்டியும் வரும் நாம், இம்முயற்சிக்கு அத்துணை அயலார் அல்லர்.

முதலில் பின்னணி. அமெரிக்காவில் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பருவத்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனை பெற்றோர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். இளையோர்க்கு இத்தண்டனையைக் கட்டாயமாக விதிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2012ஆம் ஆண்டு ‘மில்லர் எதிர் அலபாமா’ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு முன்னரே தண்டிக்கப்பட்டோர்க்கும் பொருந்தும் என்று 2016ஆம் ஆண்டு ‘மாண்ட்கோமரி எதிர் லூசியானா’ வழக்கில் முடிவாயிற்று. இதனால் சிறைத்துறைகள் அதற்கு முன் எதிர்கொண்டிராத ஒரு சிக்கலை எதிர்கொண்டன. பதினாறு வயதில் உள்ளே சென்று நாற்பது, ஐம்பது வயதில் வெளியே வரப்போகும் மனிதர் பலர், வளர்ந்தவராக ஒரு நாள்கூட வெளியுலகில் வாழ்ந்தறியாதவர். வாடகைக்கு வீடு பிடித்ததில்லை, வங்கிக் கணக்கு வைத்திருந்ததில்லை, கைப்பேசியைக் கையாண்டதில்லை. இத்தகையோர் ஏறத்தாழ ஐம்பதின்மர் இருந்த கொலராடோ மாநிலம், அவர்களுக்கென ஒரு மூன்றாண்டுப் பயிற்சித் திட்டத்தை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வகுத்தது. மெய்நிகர்க் காட்சிகள் அத்திட்டத்தில் இடம்பெற்ற செய்தி 2017ஆம் ஆண்டு பரவலாக அறியப்பட்டது. தண்டிக்கப்பட்ட இளையோரின் எண்ணிக்கையில் முதலிடத்திலிருந்த பென்சில்வேனியாவும் இத்தொழில்நுட்பத்தை நாடியது. அங்கு முன்னிறுத்தப்பட்டது, சிறைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தங்குமிடங்களைச் சுற்றிப் பார்க்கும் காட்சியாகும்.

கொலராடோவில் செய்தியாளரின் கண்ணைக் கவர்ந்தவை இரண்டு காட்சிகள். ஒன்றில் பயிற்சி பெறுபவர் துணிகளைச் சலவை இயந்திரத்தில் இட்டுத் துவைக்கிறார். மற்றொன்றில் பேரங்காடியில் பொருள்களை எடுத்து, காசாளர் இல்லாத இயந்திரத்தின் முன் நின்று, தாமே விலையைப் பதிந்து பணம் செலுத்துகிறார். தலையில் அணிந்த கருவி அவரது பார்வையை முழுமையாகச் சூழ்ந்துகொள்கின்றது. கையிலுள்ள இயக்கி அவரது கையாகின்றது. தவறினால் காட்சி மீண்டும் தொடங்கும்.

இப்பயிற்சிக்கு இடப்பட்ட பெயரே முதலில் ஆய்வுக்குரியது. உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்வியல் திறன்கள் எனப் பத்தினை வகுத்தது. முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், ஆக்கச் சிந்தனை, ஆய்வுச் சிந்தனை, கருத்துப் பரிமாற்றம், பிறரோடு உறவாடல், தன்னையறிதல், பிறர் நிலையில் நின்றுணர்தல், உணர்ச்சிகளைக் கையாளல், மன அழுத்தத்தைக் கையாளல் என்பன அவை. நம் நாட்டுப் பள்ளிகளில் இப்பட்டியல் நன்கு அறிமுகமானதே. துணி துவைத்தலும் பணம் செலுத்துதலும் இப்பட்டியலில் இல்லை. அவை அன்றாடத் திறன்கள். அவற்றைத் தாழ்வாக எண்ணுவதற்கில்லை. முப்பது ஆண்டு கழித்து முதன்முறையாகக் கடைக்குச் செல்பவர்க்கு அவை மலையளவு. ஆயினும் அன்றாடத் திறனுக்கு வாழ்வியல் திறன் என்னும் பெரும்பெயரை இடும்போது, கற்பிக்க எளிதானது கற்பிக்க வேண்டியதன் இடத்தில் அமர்ந்துகொள்கின்றது. நம் பாடத்திட்டக் குழுக்களில் இத்தகைய பெயர்மாற்றங்கள் நிகழ்ந்ததே இல்லை என்று நெஞ்சில் கை வைத்துக் கூற இயலுமா என்பது வேறு செய்தி.

‘மெய்நிகர்’ என்னும் நம் கலைச்சொல்லும் சற்று நின்று நோக்கத்தக்கது. ‘மெய்’ என்பது தமிழில் உண்மையையும் குறிக்கும், உடம்பையும் குறிக்கும். காட்சி உண்மைக்கு நிகராவது ஒன்று, உடம்புக்கு நிகராவது மற்றொன்று. இத்துறை ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் 2009ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இருவகை மயக்கங்களைப் பிரித்துக் காட்டுவார். தான் அவ்விடத்தில் இருப்பதாகத் தோன்றும் மயக்கம் ஒன்று. அங்கு நிகழ்வது தன்னை நோக்கி உண்மையிலேயே நிகழ்வதாகத் தோன்றும் மயக்கம் மற்றொன்று. அங்காடிக் காட்சி முதல் வகையை எளிதில் எய்தும் எனக் கொள்ளலாம். இரண்டாவதே ஐயத்துக்குரியது. மெய்யான அங்காடியில் பின்னால் நிற்பவரின் பெருமூச்சு உண்டு; பை உரசும்; கடைக் காவலரின் கண் தொடரும். நெடுங்காலம் சிறையிலிருந்தவர், பின்னால் ஒருவர் நெருங்கி வந்து நிற்பதை உடம்பாலேயே அஞ்சுபவர். அவரது இடர் இயந்திரத்தின் பொத்தானில் இல்லை, முதுகுக்குப் பின்னால் இருக்கின்றது.

தொல்காப்பியர் அகத்திணையியலில் புலனெறி வழக்கத்துக்கு அடிப்படையாக நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் சேர்த்துக் கூறியதை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். சுவை பயப்பனவற்றையெல்லாம் ஓரிடத்தே நிகழ்ந்தனவாகத் தொகுத்துரைப்பதே நாடக வழக்கு என உரையாசிரியர் விளக்குவர். மெய்நிகர்க் காட்சி இப்பொருளில் நாடக வழக்கே. அது உலகத்தைப் படியெடுப்பதில்லை. உலகத்திலிருந்து சிலவற்றைத் தெரிந்தெடுத்துத் தொகுக்கின்றது. தொகுப்பதில் குற்றமில்லை. தொகுப்பை உலகியல் என்று விளம்பரப்படுத்துவதில்தான் திறனாய்வாளர்க்கு வேலை பிறக்கின்றது.

ஆய்வுச் சான்றுகள் என்ன கூறுகின்றன? ஓரிடத்தில் கற்றது மற்றோரிடத்துக்கு இடம்பெயர்வது, இரண்டுக்கும் பொதுவான கூறுகளைப் பொறுத்தது என்று தார்ண்டைக்கும் உட்வொர்த்தும் 1901ஆம் ஆண்டிலேயே நிறுவினர். அக்கொள்கை பின்னர்ப் பலவாறு திருத்தப்பட்டாலும் அதன் எச்சரிக்கை இன்றும் செல்லும். குற்றவியல் துறையில் மெய்நிகர்க் காட்சியின் ஆற்றலைக் காட்ட அடிக்கடி சுட்டப்படுவது பார்சிலோனா ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு. இல்லத்து வன்முறையில் ஈடுபட்ட ஆடவர், காட்சியில் வன்முறைக்கு ஆளாகும் பெண்ணின் உடம்பைத் தம் உடம்பாகக் கண்டனர். அதன்பின், பெண்களின் முகத்தில் அச்சத்தை அடையாளம் காணும் திறன் அவர்களிடம் மேம்பட்டிருந்தது. பங்கேற்ற குற்றவாளிகள் இருபதின்மர் அளவினரே என்பதை மறத்தலாகாது. எனினும் அவ்வாய்வின் சிறப்பு வேறோரிடத்தில் உள்ளது. மெய்யுலகில் எவ்வகையாலும் நிகழ்த்த இயலாத ஒன்றை அக்காட்சி நிகழ்த்தியது. ஒருவன் மற்றவரது உடம்புக்குள் நின்று தன்னையே எதிர்கொள்வதற்கு வேறு வழியில்லை.

நெதர்லாந்தின் தடயவியல் மனநல மையங்களில் 128 நோயாளரைக் கொண்டு நிகழ்த்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வு மறுபக்கத்தைக் காட்டும். மெய்நிகர்க் காட்சிவழி வன்செயல் தடுப்புப் பயிற்சி பெற்றோரிடம், பணியாளர் கண்டறிந்த வன்செயல்கள் மற்றவரைவிடக் குறையவில்லை. சினத்தைக் கட்டுப்படுத்துதல் முதலிய சிலவற்றில் பயிற்சி முடிந்த உடனே முன்னேற்றம் தென்பட்டது. மூன்று திங்கள் கழித்து அம்முன்னேற்றமும் நிலைக்கவில்லை. மிச்சிகன் சிறைகளில் தொழிற்பயிற்சி பெறுவோர்க்கு அளிக்கப்பட்ட வேலை நேர்காணல் பயிற்சியும் குறிப்பிடத்தக்கது. அதில் பயிற்சி பெறுவோர் ஒரு கற்பனை மேலாளரோடு மீண்டும் மீண்டும் உரையாடுவர். சிறிய அளவிலான அவ்வாய்வில் நேர்காணல் திறன் மேம்பட்டது. அதற்குத் தலைக்கருவி ஏதும் தேவைப்படவில்லை. சாதாரணக் கணினித் திரையே போதுமானதாயிற்று. உரையாடலின் தரமே அங்குப் பயன் தந்தது. மொழியாசிரியர்க்கு இது வியப்பளிக்காது.

இனி, காட்சியில் இல்லாதவரைப் பற்றி. பொதுவெளியில் முன்னிறுத்தப்பட்ட காட்சிகளில் விடுதலை பெற்றவர் நுகர்வோராகவே தோன்றுகிறார். அவர் வாங்குகிறார், துவைக்கிறார், தெருவைக் கடக்கிறார். அவர் மெய்யாகச் சந்திக்கப்போகும் மாந்தர் வேறு. குற்றப்பதிவு உண்டா என்று கேட்கும் வேலை விண்ணப்பம், வீடு தர மறுக்கும் உரிமையாளர், குறித்த நேரத்துக்கு வரவில்லையெனில் மீண்டும் சிறைக்கு அனுப்பும் அதிகாரமுடைய கண்காணிப்பு அதிகாரி, பல மாநிலங்களில் அக்கண்காணிப்புக்கே செலுத்த வேண்டிய கட்டணம் ஆகியன அவரது நாள்களை நிரப்பும். இவை காட்சிக்கு வந்தால், இடர் சிறைவாசியின் திறன் குறைவில் மட்டும் இல்லை என்பதும் வெளிப்பட்டுவிடும். திறன் குறை என்னும் சொல்லாட்சி வசதியானது. அது குறையைக் கற்பவரிடமே வைத்துவிடுகின்றது. தவறினால் மீண்டும் தொடங்கும் காட்சி இவ்விடத்தில் வெறும் தொழில்நுட்ப வசதி அன்று, ஒரு பொய்யுரையாகவே ஆகிவிடுகின்றது. நிபந்தனை விடுதலையில் உள்ளவர்க்கு அந்த வாய்ப்பு இல்லை.

நார்வேயின் ஹால்டன் சிறையோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். 2010இல் திறக்கப்பட்ட அச்சிறை உயர்பாதுகாப்புச் சிறையே. அதனுள் ஒரு மளிகைக்கடை உண்டு. சிறைவாசிகள் அங்குப் பொருள் வாங்கி, பொதுச் சமையலறையில் தாமே சமைத்து உண்பர். சிறை வாழ்வு இயன்றவரை வெளிவாழ்வை ஒத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சிறைத்துறையின் கொள்கை. அங்கு அன்றாடத் திறனை இறுதியாண்டில் தனிப் பாடமாகக் கற்பிக்கும் தேவை பெரிதாக எழுவதில்லை. அத்திறன் இழக்கப்படுவதே குறைவு. அமெரிக்கக் காட்சியோ, சிறை முப்பதாண்டுகளில் பறித்ததை முப்பது நிமிடங்களில் திரும்பத் தர முயல்கின்றது. சலவை இயந்திரம் அரிய பொருளன்று. ஒருவர் துணி துவைக்கக் கற்க அதன் தோற்றத்தைக் கணினியில் வரைய வேண்டியிருக்கின்றது என்றால், வியக்க வேண்டியது கணினியைப் பற்றியன்று.

இவ்வாறு கூறுவதால் இம்முயற்சியை முற்றாகத் தள்ளுவது இக்கட்டுரையாளரின் கருத்தன்று. ஹால்டனை அமெரிக்காவில் நாளையே கட்டிவிட முடியாது. நாளை மறுநாள் வெளியே வரப்போகிறவரோ இன்று இருக்கின்றார். அகன்ற தெருவையும் விரையும் ஊர்திகளையும் ஒருமுறை முன்னரே கண்டிருப்பது அவரது முதல் நாளின் அச்சத்தைத் தணிக்குமாயின், அவ்வளவில் அது நன்றே. பென்சில்வேனியாவின் எளிய முயற்சியை இவ்வகையில் மேலானதாகக் கருதலாம். அது எதையும் கற்பிப்பதாகக் கூறவில்லை. நீ தங்கப்போகும் இடம் இது என்று காட்டியது. காட்டுவதைக் காட்டுவதாகவே சொல்லிய நேர்மை அதற்கு உண்டு. இத்தகைய கருவிகள் வகுப்புக்கும் நூலகத்துக்கும் உறவினர் வருகைக்கும் மாற்றாகக் கணக்கில் எழுதப்படும்போதுதான் எதிர்க்கப்பட வேண்டியனவாகின்றன.

எஞ்சி நிற்பது ஆசிரியத்துவம் பற்றிய வினா. 1995 முதல் கெண்டக்கி மாநிலச் சிறை ஒன்றில் நடைபெற்று வந்த ஷேக்ஸ்பியர் நாடகப் பயிற்சியில், பிறர் எழுதிய நாடகமே ஆயினும், பாத்திரத்தைத் தெரிவதும் பொருள்கொள்வதும் சிறைவாசியுடையனவாக இருந்தன. மெய்நிகர்க் காட்சியில் அவர்க்கு வழங்கப்படுவது இயக்கி மட்டுமே. 2016ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் வெளியே வந்து ஆண்டுகள் பலவற்றை வாழ்ந்துவிட்ட நூற்றுக்கணக்கானோர் இன்று உளர். எக்காட்சி தேவைப்பட்டது, எது வீண் என்று அறிந்தவர் அவர்களே. அவர்களைக் கொண்டு காட்சிகளை எழுதினால் சலவை இயந்திரம் அவற்றில் இடம்பெறக்கூடும், பெறாமலும் போகலாம்.

அவர்களுள் ஒருவர் ஜோ லிகன். 1953ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், பென்சில்வேனியாவில் சிறைப்பட்டவர். 2017இல் அவரது தண்டனை மாற்றியமைக்கப்பட்டு, கண்காணிப்புடன் கூடிய விடுதலையைக் கோரும் தகுதி கிட்டியது. வாழ்நாள் முழுதும் ஓர் அதிகாரியின் கண்காணிப்பின்கீழ் வெளியே இருக்க விரும்பாமல், அவ்விடுதலையைக் கோர அவர் மறுத்துவிட்டார். வழக்கை மேலும் நடத்தி, 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தம் எண்பத்து மூன்றாம் வயதில், கண்காணிப்பின்றியே வெளிவந்தார். முடிவெடுத்தல், தன்னையறிதல் என்னும் இரண்டும் உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் உள்ளன. அவற்றை அவர் அறுபத்தெட்டு ஆண்டுகள் சிறையிலிருந்தே கற்றிருந்தார். எந்தக் காட்சியும் அவர்க்கு அவற்றைக் காட்டியதில்லை.