மணவழி வந்த அதிகாரம்

அர்ஜென்டினாவின் அதிபராக மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஹுவான் பெரோன் மூன்று முறை மணம் செய்தவர். முதல் மனைவி ஆரேலியா 1938இல் புற்றுநோயில் இறந்தபோது பெரோன் ஒரு ராணுவ அதிகாரி மட்டுமே. பின்னால் வந்த எவாவும் இசபெல்லும் அவருடைய அரசியலோடு பிரிக்க முடியாதபடி கலந்துபோனார்கள். மனைவியை அரசியலுக்குக் கொண்டுவந்தார் என்பதற்காகப் பெரோனைக் குறை சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அந்த அதிகாரத்திடம் கணக்குக் கேட்கவோ, தனக்குப் பின் அதை முறைப்படி கைமாற்றவோ வழி செய்யாமல் விட்டதுதான் பிழை.

எவிட்டா என்று மக்கள் அழைத்த எவா செய்தவை சிறியவை அல்ல. 1947இல் பெண்களுக்கு வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. ஹூலியெட்டா லன்டேரி, அலிசியா மோரோ போன்றோர் அதற்காகப் பல பத்தாண்டுகள் போராடியிருந்தார்கள். புகழை எவாவுக்கு மட்டும் சூட்டுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் கையில் கிடைத்த உரிமையை அமைப்பாகத் திரட்டியது எவாதான். 1949இல் பெரோனியப் பெண்கள் கட்சியைத் தொடங்கி, மாகாணந்தோறும் பெண் பிரதிநிதிகளை அனுப்பி, வீடு வீடாக உறுப்பினர் சேர்த்தார். பெண்கள் முதன்முதலாக வாக்களித்த 1951 தேர்தலில் 23 பெண்கள் கீழவைக்கும் 6 பேர் மேலவைக்கும் சென்றார்கள். அவருடைய அறக்கட்டளையில் மனுவோடு வந்த ஏழைப் பெண் தையல் மெஷினோடு வீடு திரும்ப முடிந்தது. மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் எழுந்தன. ஆனால் அந்த மெஷின் உரிமையாக அல்ல, எவாவின் கருணையாகவே கொடுக்கப்பட்டது. 1955இல் பெரோன் கவிழ்ந்ததும் அறக்கட்டளையும் கலைக்கப்பட்டது.

1951 ஆகஸ்ட் 22 அன்று புவனோஸ் அய்ரிஸின் அகன்ற சாலையில் திரண்ட பெருங்கூட்டம், துணை அதிபர் வேட்பாளராக நிற்கச் சம்மதிக்கும்படி எவாவை விடாமல் கேட்டது. அவர் அவகாசம் கேட்டார், கூட்டம் விடவில்லை. 31ஆம் தேதி வானொலியில் மறுத்துவிட்டார். ராணுவத்தின் எதிர்ப்பும் அவருடைய நோயும் காரணங்கள் என்பது உண்மைதான். ஆனாலும், சொந்தமாக ஒரு கட்சியையே கட்டியவருக்கு மக்கள் முன் பொறுப்பேற்கும் பதவி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1952இல், 33 வயதில், இறந்தார்.

1973இல் நேர்மாறாக நடந்தது. உடல் தளர்ந்த பெரோன், அமைப்பு எதையும் நடத்திப் பழகாத இசபெல்லைத் துணை அதிபராக நிறுத்தினார்; இருவரும் சுமார் 62 சதவீத வாக்குகளோடு வென்றார்கள். 1974 ஜூலை 1 அன்று அவர் இறக்க, உலகிலேயே அதிபர் பட்டம் ஏற்ற முதல் பெண்ணானார் இசபெல். எண்ணெய் நெருக்கடி, கெரில்லாத் தாக்குதல்கள், ஆட்சி கவிழ்க்கக் காத்திருந்த ராணுவம் எல்லாம் சேர்ந்து அழுத்தியபோது யாரால்தான் தாங்கியிருக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இசபெல்லை வீழ்த்திய 1976 ஆட்சிக் கவிழ்ப்புக்கும் அதற்குப் பின் நடந்த கொலைகளுக்கும் பொறுப்பு ராணுவத்தினுடையதே. ஆனால் பெரோனியத்தின் இடதும் வலதும் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்தது பெரோனுக்குத் தெரியாததல்ல. அந்தப் பிளவில் ஒரு பக்கத்தைத் தேர்வதைவிட மனைவியின் பெயரை முன்வைப்பது அவருக்கு எளிதாக இருந்தது. அப்படி உருவான அதிகார வெற்றிடத்தில் செல்வாக்குப் பெற்றவர் பெரோனின் செயலாளராக இருந்த லோபஸ் ரேகா. அவர் நிழலில் வளர்ந்த கொலைப்படை இடதுசாரிகளை வேட்டையாடியது. ராணுவக் காவலிலிருந்து 1981இல் விடுபட்டு ஸ்பெயினில் குடியேறிய பிறகும், கட்சி 1983 தேர்தலில் தோற்ற பிறகும், 1985 வரை பெயரளவில் கட்சித் தலைவராக இருந்தவர் இசபெல்தான்.