பகாசுரன் வண்டியும் பாஞ்சாலியின் கேள்வியும்

உத்திரமேரூர் என்றால் குடவோலைத் தேர்தல். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இன்றும் தெளிவாக நிற்கின்றன. 30 குடும்புகள், 35 வயதுக்குக் குறையாமலும் 70-ஐத் தாண்டாமலும் இருப்பவரே வாரியத்துக்குத் தகுதி, கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. பள்ளிப் புத்தகம் வரை வந்துவிட்ட பெருமை இது. ஆனால் சுற்றுவட்டாரத்து விவசாயக் குடும்பங்கள் அரசியலைப் படித்தது இந்தச் சுவரில் அல்ல. கோடையில் திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறிய பிறகு, விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில்தான் படித்தார்கள். சூதாட்டத்தில் ஒரு நாடு கைமாறுகிறது, அரசகுமாரர்கள் காட்டுக்குப் போகிறார்கள், வழியெல்லாம் அரக்கர்கள், கடைசியில் ஒரு வம்சமே அழிகிறது. இதைவிட இருண்ட சாகசக் கதை நம்மிடம் இல்லை. அதை ஆடும் முறையில் எது வலிமை, எது குறை என்று கேட்டுப் பார்க்கும் தகுதி, அதை நேசிப்பவர்களுக்குத்தான் அதிகம்.

பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதம் சொல்கிறார். இரவில் அதே கதைப் பகுதி கூத்துக் களரியில் ஏறுகிறது. முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் கூடி முழங்க, இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று துரியோதனன் பாடுகிறான். கிரீடத்தின் உச்சியும் கால் சலங்கையும் மட்டும் தெரிகின்றன. திரை விலகியதும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமுமாக, கண்ணாடிச் சில்லுகள் மின்ன, அவன் சுழன்று ஆடும்போது தூங்கிக்கொண்டிருந்த குழந்தையும் எழுந்து உட்காரும். கூத்தின் முதல் வலிமை இதுதான்: கொடியவனைச் சிறுமைப்படுத்தாமல் காட்டுகிறது. அதிகாரம் அழகாகவும் இருக்கும், கேட்பவர் மனத்தை மயக்கவும் செய்யும். அந்த மயக்கத்தை ஊர் தன் உடம்பில் உணர்ந்த பிறகுதான் அவன் வீழ்ச்சியைப் பார்க்கிறது. படுகளத்தில் மண்ணால் பெரிதாகக் கிடத்திய துரியோதனன் உருவத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் போய் வீட்டில் வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. எதிரியின் மண்ணையும் வளம் என்று நினைக்கிற மனம் எளிதில் வாய்ப்பதில்லை.

பகாசுரன் கதை இன்னும் ஆழமானது. ஏகசக்கரம் என்ற ஊரை ஒரேயடியாக அழிக்காமல் இருக்க அவன் ஓர் ஒப்பந்தம் போடுகிறான்: முறை வைத்து, வீட்டுக்கு ஒரு வண்டிச் சோறும் ஓர் ஆளும். பயம் மெல்ல மெல்லப் பழக்கமாகிவிடுகிறது. பெற்றவர்களே முறை எண்ணிக் காத்திருக்கிறார்கள். இது அரக்கன் கதையா, வரி வசூலிக்கும் அரசின் கதையா? வியாச பாரதத்தில் பலியாகப் போகிற அந்தணன் தன் நாட்டு அரசனையே குறை சொல்கிறான்: வேத்திரகீயத்தில் உட்கார்ந்துகொண்டு மக்களைக் காக்கத் தெரியாதவன் என்று. வில்லிபுத்தூராரிடம் இந்தப் பகுதிக்கு வேத்திரகீயச் சருக்கம் என்றே பெயர். திருவிழாவில் இதைப் பட்டப்பகலில் நடத்துவதுண்டு. பீம வேடம் கட்டியவர் மாட்டு வண்டியில் தெருத்தெருவாக வருவார், வீடுகளிலிருந்து சோறு வந்து சேரும். பார்க்க வந்த ஊரே அந்த ஏகசக்கரமாகிவிடுகிறது. அரங்க மேடை கட்டி, விளக்கு போட்டு, நவீன நாடகம் தேடித் தேடிப் பிடிக்க முயன்ற ஒன்று இங்கே இயல்பாக நடக்கிறது.

குறையும் அதே வண்டியில்தான் வருகிறது. ஊர் ஒருநாளும் எழுவதில்லை. வெளியூரிலிருந்து பலசாலி ஒருவன் வந்து அரக்கனைக் கொல்கிறான், ஊர் கும்பிடுகிறது. வேத்திரகீயத்து அரசனை யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்தணனின் அந்தக் கோபம் பெரும்பாலும் கூத்தில் இடம்பெறுவதேயில்லை, சிரிப்புக்கும் சண்டைக்கும் நேரம் போய்விடுகிறது. இடும்பியின் கதையும் இப்படித்தான். வனத்துப் பெண் பீமனை மணந்து மகனைக் கொடுக்கிறாள். கடோத்கசன் பாண்டவருக்காகப் போரில் மடிகிறான். நாககன்னி மகன் அரவான் களபலியாகிறான். காட்டிலிருந்து வந்தவர்கள் எதிர்த்தால் வதம், சேர்ந்தால் பலி. அரவானுக்காக ஊர் அழுகிறது, உண்மைதான். ஆனால் பலி கேட்டவர்களை அந்த அழுகை தொடுவதேயில்லை.

துகில் உரிதல் இரவில்தான் இந்தக் குறை முழுதாகத் தெரிகிறது. தன்னையே தோற்ற பிறகு என்னை வைத்தாட என் கணவருக்கு ஏது உரிமை என்று பாஞ்சாலி சபையைக் கேட்கிறாள். கணக்குக் காட்டாதவனுக்கு வாரியத்தில் இடமில்லை என்று எழுதி வைத்த ஊரின் சுற்றுப்புறத்தில் இந்தக் கேள்விக்கு எவ்வளவு கனம் இருக்க வேண்டும்! பீஷ்மரும் துரோணரும் நேரான பதில் சொல்லாத அந்த நேரத்தை, கதறலும் சேலை வளர்வதுமாக விரைந்து கடந்துவிடுகிறோம். கற்பூரம் ஏற்றுகிறார்கள், கூட்டம் கைகூப்புகிறது. பக்தி வந்ததும் வழக்கு தள்ளுபடியாகிவிடுகிறது.

கேட்பவளும் பெண்ணல்ல, பெண் வேடம் கட்டிய ஆண். வேடக்காரரின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. நெஞ்சை உருக்கும் பாஞ்சாலிகளைப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் பெண்களைக் களரியில் ஏற்றாமல் வைத்ததற்குக் கலைக் காரணம் எதுவும் கிடையாது. பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் அதை நிரூபித்தது. பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்ற பெண்பிள்ளைகள் ஆண் வேடமும் கட்டி ஆடினார்கள். 2020-இல் அந்தக் குருகுலம் மூடியது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் பெரிய இழப்பு. கற்ற பெண்களிலும் பலருக்குக் கல்யாணம்தான் கடைசித் திரை. ராத்திரி முழுக்க வெளியூரில் ஆடப் போகும் மருமகளை எத்தனை வீடுகள் ஏற்கும்?

கட்டியக்காரனையும் சொல்ல வேண்டும். ராஜாவின் முகத்துக்கு நேரே கேலி பேசும் உரிமை கூத்தில் அவனுக்கு மட்டும்தான். உள்ளூர் ரோடு, ரேஷன் கடை, தேர்தல் எல்லாம் அவன் வாயில் வரும். அவன் இல்லாவிட்டால் கூத்து வெறும் புராணம். ஆனால் கூட்டத்தைப் பிடித்து வைக்க இரட்டை அர்த்தத்துக்கும், உடல் குறையைக் காட்டிச் சிரிக்க வைப்பதற்கும் அந்த உரிமை இப்போது செலவாகிறது. வலுத்தவனைக் குத்த வேண்டிய நாக்கு எளியவனைக் குத்துகிறது. சினிமா மெட்டு நுழைந்ததைப் பலர் குறை சொல்கிறார்கள். அது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை, கூத்து எப்போதும் அக்கம்பக்கத்து இசையை வாங்கித்தான் வளர்ந்தது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் வழியினர் அயல்நாட்டு எழுத்தாளர் மார்க்வெஸின் கதையைக்கூடக் கூத்தாக்கினார்கள், மரபு முறிந்துவிடவில்லை.

ஆகவே கதையை மாற்றச் சொல்லவில்லை. துகில் உரியும் சபையில் விகர்ணன் இருக்கிறான், துரியோதனனின் சொந்தத் தம்பி. பாஞ்சாலியை வென்றது செல்லாது என்று எழுந்து வாதாடுகிறான். கர்ணன் அவனை அடக்கி உட்கார வைக்கிறான். இந்தக் காட்சி வியாசரிடமும் இருக்கிறது, வில்லியிடமும் இருக்கிறது. கூத்து வாத்தியார்கள் விகர்ணனுக்கும் திரைப் பிரவேசம் கொடுக்கட்டும், கிரீடம் கட்டட்டும், அரைமணி நேரம் பாட்டும் வசனமும் எழுதட்டும். கட்டியக்காரன் சபையைச் சுற்றி வந்து, பீஷ்மரிடமும் துரோணரிடமும் பதில் எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்கட்டும். சேலை அதற்குப் பிறகு வளரட்டும்.