தங்கலும் தங்கியவர்களும்

கலைஞர் பரிமாற்றம் என்ற சொல்லுக்கு இன்று ஆசியக் கலையுலகில் பெருமதிப்பு உண்டு. 1997-ல் டில்லியில் கோஜ், 2000-ல் கொழும்பில் தீர்த்த, 2002-ல் டாக்காவில் பிரிட்டோ என ஓவியர்களே கூடி நிறுவிய ஸ்தாபனங்கள் பல. ஒரு நாட்டுக் கலைஞன் அயல்நாட்டில் சில வாரங்கள் தங்கி, அங்குள்ளோருடன் கலந்து படைக்கிறான். நல்ல முயற்சி. பாரிஸையும் லண்டனையும் நோக்கியே கிடந்த கண்கள் அண்டை வீட்டுப் பக்கம் திரும்பியதே ஒரு வெற்றிதான்.

ஆனால் கொத்மலைத் தோட்டங்களில் நின்று ‘பரிமாற்றம்’ என்று கேட்பவனுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 1948-ல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையக மக்களை 1964-ன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பங்கு போட்டது: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் விதி பின்னொரு நாளுக்கு. அம்மக்களை யார் கேட்டார்கள்? நாடற்றோர் என்ற இழிநிலை பெரும்பாலும் நீங்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர்கள் முன்னோர் கடல் கடந்தபோது காமன் கூத்தும் தப்பும் கூடவே வந்தன. எந்த ஸ்தாபனமும் அழைப்பு அனுப்பவில்லை, உதவித்தொகையும் தரவில்லை.

ஆசியக் கலைஞர் சந்திப்பும் நேற்று முளைத்ததன்று. சீன ஓவியர் சூ பெய்ஹோங், தாகூரின் அழைப்பை ஏற்று 1939-ல் சாந்திநிகேதன் வந்தார். மறு ஆண்டு தேயிலை விளையும் டார்ஜிலிங் மலையிலும் தங்கினார். மலையைப் பெயர்க்கத் துணிந்த மூடக் கிழவனின் பழஞ்சீனக் கதையை, ஜப்பானியப் படையெடுப்பில் வதைபட்ட தம் மக்களுக்குத் துணிவூட்டும் பேரோவியமாக 1940-ல் இந்தியாவிலேயே தீட்டினார். அதில் கருவி ஓங்கி நிற்கும் ஆடையற்ற உடல்கள் இந்தியருடையவை. சீனக் கதைக்கு இந்திய உடலா என்று முகம் சுளிப்பவர் உண்டு. எனக்கோ அந்தத் துணிச்சலே ஓவியத்தின் உயிராகப்படுகிறது. விருந்தாளியாக வந்தவர் பாம்பாட்டியையும் கோபுரத்தையும் தேடி அலையவில்லை. உழைக்கும் உடலைத் தம் நாட்டின் நம்பிக்கையைச் சுமக்க வல்லதாகக் கண்டார். குறையும் உண்டு. அந்த மனிதர்கள் பெயர்க்க வேண்டியிருந்த மலை எது என்று ஓவியம் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை இன்று மலையகத்தில் பிறந்தவர்களே கேட்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையும் தேநீர்க் கறையையும் தம் ஊடகமாக்கிக் கொண்டவர். பொருட்களை வைத்துச் செய்யும் வித்தை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கோப்பையைக் கழுவியதும் மறந்துவிடுகிற கறையைக் கண்முன் நிறுத்தி, அது யாருடைய உழைப்பு என்று கேட்கிற கலை அது.

ஆகவே பரிமாற்றம் நடத்துவோரிடம் நமக்கு ஒரு வழக்கு உண்டு. வரும் கலைஞனைப் பழைய துரை பங்களாவில் தங்கவைத்து, கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு மேல் மூடுபனி கவிவதைக் காட்டி அனுப்பினால் அது உல்லாசப் பயணம். அவன் லயன் வாசலில் உட்காரட்டும். காமன் கூத்து ஆடும் இளைஞன் டார்ஜிலிங்கிலோ அஸ்ஸாமிலோ தேயிலைத் தொழிலாளர் நடுவே சில வாரங்கள் தங்கி வரட்டும். படைப்புகளைக் கொழும்பு மண்டபத்தில் வைப்பதற்கு முன் தோட்டப் பாடசாலையில் வையுங்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில். மற்ற நாட்களில் கொழுந்து பறிக்கும் பெண் விடிந்ததும் பெரட்டுக்குப் போய்விடுவாள்.