வெண்கலக் குதிரையும் மரநிழலும்

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து ஷார்லட்ஸ்வில் நகரப் பூங்காவைக் காட்டும் பழைய பிரயாணப் படங்களிலே நாம் காண்பது கற்பீடம், வெண்கலக் குதிரை, அதன்மேல் ஜெனரல் றொபேட் லீ, சுற்றிலும் மரநிழல். அழகிய காட்சிதான். அவ்வழகு எதனை மறைக்கின்றது என வினவுதல் விமர்சனத்தின் கடமையாகும்.

அடிமை முறையைக் காக்க எழுந்த தென்மாநிலப் படைகளை நடத்தியவர் லீ. அவர் சரணடைந்தது 1865இல். சிலை திறக்கப்பட்டதோ 1924இல், கறுப்பின மக்களைச் சட்டமே ஒதுக்கிவைத்திருந்த காலத்தில். தோற்ற தளபதியின் நினைவைவிட, வென்று நின்ற நிறவெறியின் அதிகாரத்தையே அது பறைசாற்றியது. ஷ்ரேடி தொடங்கி, அவர் மறைந்தபின் லென்டெல்லி நிறைவுசெய்த சிற்பத்தின் வேலைத்திறனை நாம் மறுக்கவில்லை. அத்திறன் யாருக்கு ஊழியம் செய்தது? குதிரைமேல் அமர்ந்தவனை நாம் அண்ணாந்தே பார்க்கவேண்டியுள்ளது. படம்பிடித்த பிரயாணியும் அவ்வாறே பார்த்தார்.

2017இல் சிலையைக் காக்கவென வெள்ளை இனவெறியர் திரண்டனர். அவர்களுள் ஒருவன் எதிர்ப்பாளர் கூட்டத்தின்மீது காரைச் செலுத்தியதில் ஒரு பெண் உயிரிழந்தார். 2021இல் சிலை அகற்றப்பட்டது. 2023இல், புதிய கலைப்படைப்பொன்றுக்காக உருக்கப்பட்டது.

படங்கள் எஞ்சியுள்ளன. அவற்றை நாம் கிழித்தெறிய வேண்டியதில்லை. மரநிழலை இரசிக்கும்போதே, அந்நிழலில் இடம் மறுக்கப்பட்டோரையும் எண்ணிப் பார்க்கும் கண் நமக்கு வேண்டும்.